சனிக்கிழமை பஸ் நேரம்

"மேடம், உங்க நோட்டுப்படி இப்ப நாம எங்க இருக்கணும்?"

மல்லிகா இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மடியில் டிபன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நோட்டைப் பார்த்தேன். என் கையெழுத்து, நீல மை, அடிக்கோடு வேறு. 'ஏறுவது 6.30. இறங்குவது 7.40.' என் கைக்கடிகாரத்தில் அப்போது சரியாக ஏழு நாற்பது.

"எலெக்ட்ரானிக் சிட்டில இறங்கியிருக்கணும்," என்றேன்.

பஸ் சில்க் போர்டு சிக்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். டிரைவர் பாட்டிலைத் திறந்தால் இப்போதைக்கு நகராது என்பது பெங்களூருவில் பஸ் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். முன்னால் தண்ணீர் லாரி, பக்கத்தில் கம்பெனி கேப்கள், இடுக்கில் எல்லாம் டூவீலர்கள். சம்பங்கி மாலை போட்ட ஒரு புது ஆட்டோ எங்கள் ஜன்னலுக்குக் கீழே விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்குள் மல்லிகா பயிற்சி மையத்தின் வாசலில் இருக்கிற மெஷினில் விரல் வைக்க வேண்டும். திங்கள் லேட். செவ்வாய் லேட். இன்று புதன். முதல் மாதத்தில் மூன்று லேட் விழுந்தால் இடம் போய்விடும், காத்திருக்கும் பட்டியலில் இருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவளை ஆறரை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்தது நான்தான். அவள் ஐந்தே முக்காலுக்கே கிளம்பிவிடலாம் என்றாள். வேண்டாம் என்றும் நான்தான் சொன்னேன்.

ஸ்டாப்வாட்ச் சார்

இந்த நோட்டு எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

மாநில அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆறு மாதம் வீட்டில் இருந்து பார்த்தேன். அலமாரியில் இருந்த டப்பாக்களுக்கு எல்லாம் நம்பர் ஒட்டினேன். ஒட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போனபோது என் மகள், "அம்மா, எங்கயாவது போய் உட்காருங்களேன்," என்றாள். அப்படிப் போய் உட்கார்ந்த இடம்தான் காக்ஸ் டவுனில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய சின்ன ஹால். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை, தமிழ்த் திருப்பலி முடிந்ததும், வேலை மேசை என்று ஒன்று நடக்கும். எந்த மதத்துக்காரரும் வரலாம். பக்கத்து லைன் வீடுகளில் இருந்து வருகிறவர்கள்தான் அதிகம்.

மேசையை ஆரம்பித்தவர் ஆரோக்கியசாமி சார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுவார். கழுத்தில் இன்னமும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும்.

எங்கள் வேலை சுலபமானது. இந்த நகரத்தில் இலவசமாகவும் கொஞ்சம் காசுக்கும் என்னென்ன பயிற்சிகள் நடக்கின்றன, எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்து ஒரு கரும்பலகையில் எழுதுவது. ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்குகிற வேலைக்குப் படிப்பு, கேமரா பொருத்துகிற படிப்பு, லிஃப்ட் பராமரிப்பு, பாலிடெக்னிக் மாலை வகுப்பு. இதெல்லாம் போனில் வருகிறதே என்பீர்கள். வருகிறது. ஆனால் போனில் வருவதில் பாதி பொய், மீதியில் பாதிக்குக் கடைசித் தேதி முடிந்திருக்கும். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி உதவித்தொகையோடு ஒரு படிப்பு நடக்கும். அது தெரியாமல் ஒரு பெண் யாரோ ஏஜென்ட்டிடம் பணம் கட்டிவிட்டு வந்து நிற்பாள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. எங்கள் பகுதிக்காரர்கள் கன்னடத்தில் சண்டை போடுவார்கள், பேரம் பேசுவார்கள், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள். ஆனால் விண்ணப்பத்தில் கன்னடத்தைப் பார்த்தால் அப்படியே மடித்து வைத்துவிடுவார்கள். அதைப் படித்துச் சொல்கிற பொறுப்பு என்னுடையது. மூன்று தலைமுறையாக இந்த ஊரில் மாநில அரசு வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. கன்னடத்தில் குறிப்பு எழுதச் சொன்னால் எனக்குச் சாப்பாடு கூட வேண்டாம்.

சார் ஒரு விதி வைத்திருந்தார். நேரில் போய் வராத இடத்தைப் பலகையில் எழுதக் கூடாது. "அட்ரஸ் குடுக்கறது தபால்காரன் வேல, மேடம். நாம பாதையும் சொல்லணும்," என்பார். அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் நாங்கள் இருவரும் காக்ஸ் டவுனில் இருந்து பஸ்ஸில் போவோம். ஏறும்போது சார் ஸ்டாப்வாட்சை அழுத்துவார். வாசலில் நிறுத்துவார். நான் நோட்டில் எழுதுவேன். எந்த பஸ், எங்கே மாற வேண்டும், எவ்வளவு நேரம், பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, ஸ்டாப்பில் விளக்கு எரிகிறதா, பக்கத்தில் டீக்கடை உண்டா. எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி. அலுவலகப் பழக்கம், கோடு போடாமல் எனக்கு எழுத வராது.

டீக்கடைப் பத்தியை நாங்கள் இருவரும் மிகவும் பொறுப்பாக நிரப்பினோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஹோசா ரோடு பக்கம் ஒரு கடையில் மத்தூர் வடைக்காக இரண்டாம் தரம் போனது கணக்கில் வராது.

ஒரு ஞாயிறு வட்டார வேலைப் பயிற்சி மையம் ஒன்றில் இருந்து ஓர் அதிகாரி வந்து பலகையைப் பார்த்துவிட்டு, "இப்படி எந்த ஆபீசும் செய்வதில்லை," என்றார். அன்றைக்கு நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

மல்லிகா வந்தது

மல்லிகாவுக்கு முப்பத்தைந்து வயது. பழைய கன்டோன்மென்ட் பக்கத்து லைன் வீட்டில் பிறந்து, அடுத்த லைனிலேயே கல்யாணமாகிப் போனவள். பௌத்தக் குடும்பம், வீட்டில் நுழைந்ததும் எதிரே புத்தர் படம் இருக்கும், அதற்குக் கீழே பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள். கணவர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார். இவள் பதினோரு வருஷமாக நகரத்துக்குள்ளேயே ஒரு ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் பார்த்தாள். கான்ட்ராக்டர் மாறியதும் பழைய ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள்.

முதல் நாள் மேசைக்கு வந்தபோது எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒரு மடிப்பு இல்லை.

"பதினோரு வருஷமா கம்ப்யூட்டர் மேல தூசி தட்டினேன், மேடம். உள்ள இன்னா இருக்குதுன்னு ஒரு நாள் கூட பாக்கல. பாக்கணும்."

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனம் சர்க்யூட் போர்டு பொருத்தவும் சோதிக்கவும் பயிற்சி கொடுத்தது. ஆறு மாதம். உதவித்தொகை உண்டு. முடித்தால் அங்கேயே வேலை. வயது வரம்பு முப்பத்தைந்து. மல்லிகா இந்த பேட்ச்சை விட்டால் அடுத்த பேட்ச்சில் வயது தாண்டிவிடும். இதை அவளே விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

நுழைவுத் தேர்வில் இடுக்கியால் கடுகு அளவு பாகங்களை எடுத்துக் கட்டத்தில் வைக்கச் சொன்னார்களாம். முப்பது பேரில் இவள்தான் முதலில் முடித்தாள். இடம் கிடைத்தது.

பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்து அவள் கேட்டாள்: "ஒரு மணி பத்து நிமிஷமா மேடம்? ஜாஸ்தி ஆவாதா?"

"ஆகாது. நாங்க போயிருக்கோம்," என்றேன். சார் ஸ்டாப்வாட்சைத் தட்டிக் காட்டினார்.

சிவப்புப் பேனா

செவ்வாய் மாலை அவள் என் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, நான் அவளை நம்பவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

"ஆறரைக்கே ஏறிட்டேன் மேடம். ரெண்டு நாளும். போய்ச் சேர எட்டே கால், எட்டரை ஆவுது."

"ஏழு மணிக்கு ஏறியிருப்ப, மல்லிகா."

"பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப் போவுது?"

முப்பது வருஷம் இதே வாக்கியத்தை அலுவலகத்தில் கேட்டவள் நான். எங்கள் செக்‌ஷனில் பத்தரை மணிக்கு வருகைப் பதிவேடு என் மேசைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் பெயருக்கு எதிரே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவேன். மூன்று சிவப்புக் கோடு விழுந்தால் ஒரு நாள் விடுப்பு போச்சு. மழை, பஸ் பிரேக்டவுன், மாமியாருக்குக் காய்ச்சல் என்று என்னென்னவோ சொல்வார்கள். எழுதிக் கொடுங்கள் என்பேன். விளக்கக் கடிதம் வாங்கிக் கோப்பில் குத்துவதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

என் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு கூடக் கிடையாது. ரொம்ப நாள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேனா என் கையில் இருந்ததால் அப்படி என்று என் மகள்தான் ஒரு நாள் சொன்னாள்.

வேலைக்குச் சேர்ந்த கதையும் ஞாபகம் வருகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்த காலம். கன்னட டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்திருந்தேன். ஆனாலும் தேர்வு அறிவிப்பு வந்தது எனக்குத் தெரிந்தது அப்பாவின் நண்பர் ஒருவர் காபி குடிக்க வந்ததால்தான். அப்பா பொதுப்பணித் துறையில் இருந்ததால் அந்த நண்பர். அந்த நண்பரால் அந்தக் காபி. அன்று அவர் வேறு வீட்டில் காபி குடித்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைப்பதுண்டு. மல்லிகாவின் அப்பா வீட்டுக்கு அப்படி யாரும் காபி குடிக்க வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுதும்போது தோன்றுவது. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: நோட்டு தப்பாகாது.

"நாளைக்கு நான் கூட வர்றேன். அதே ஆறரை பஸ். நீயே பாரு," என்றேன்.

"அஞ்சே முக்காலுக்குப் போயிடலாம் மேடம். நாளைக்கும் லேட்டுன்னா—"

"லேட் ஆகாதுன்னு சொல்றேன்ல?"

"சரி மேடம். நீங்க சொன்னா சரி."

கண்டக்டர் சொன்னது

சில்க் போர்டு சிக்னலில் பஸ் நகரவில்லை. நான் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன், பக்கத்தைத் திருப்பினால் ரோடு காலியாகிவிடும் என்பது போல. கண்டக்டர் எங்களுக்கு முந்தைய சீட்டில் வந்து உட்கார்ந்தார். ஆதார் அட்டையைப் பார்த்துப் பெண்களுக்கு இலவச டிக்கெட் கொடுத்துக் கொடுத்து அவருக்குப் பாதி பேரின் ஆதார் படம் மனப்பாடம்.

அவரிடம் கன்னடத்தில் கேட்டேன். ஏன் இன்றைக்கு இவ்வளவு நேரமாகிறது? விபத்தா? இதே பஸ்ஸில், இதே ஆறரைக்கு ஏறி, ஒரு மணி பத்து நிமிஷத்தில் நான் போயிருக்கிறேனே.

"யாவாக பந்திதிரி?" எப்போது வந்தீர்கள் என்று கேட்டார்.

சொல்ல வாயைத் திறந்தேன். சார் ஞாயிறு பாட்டுக்குப் போகிறவர். திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் டியூஷன் எடுக்கிறார். எனக்கோ பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிற வேலை. எங்கள் இருவருக்கும் ஒழிகிற நாள் வாரத்தில் ஒன்றே ஒன்று.

"சனிக்கிழம," என்றேன். கன்னடம் கூட வரவில்லை.

கண்டக்டர் சிரித்தார். "சனிவாரா ரோடு காலி, மேடம். கம்பெனி எல்லா ரஜா. வாரத தினா இதே கதே."

சனிக்கிழமை ரோடு காலி. கம்பெனிகளுக்கு எல்லாம் விடுமுறை. வாரநாளில் இதே கதைதான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை ஒரு கண்டக்டர் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று வருஷமாக நாங்கள் அளந்த எல்லா இடமும் சனிக்கிழமை அளந்தது. நோட்டில் டீக்கடைக்குப் பத்தி போட்டிருந்தேன். கிழமைக்குப் பத்தி போடவில்லை. சாரின் ஸ்டாப்வாட்ச் நொடி வரைக்கும் சரியாகச் சொல்லியிருந்தது, நாள்தான் தப்பு.

மல்லிகாவுக்குத் தமிழ் மாதிரியே கன்னடமும் நன்றாகத் தெரியும். அவர் சொன்னது எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. டிபன் பையின் காதைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

"மல்லிகா, தப்பு என்னோடதுதான்."

"வுடுங்க மேடம்," என்றாள். கொஞ்சம் கழித்து, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வூட்ல பசங்க கிட்ட யூனிஃபார்ம் கோட்டு குடுப்பாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்," என்றாள்.

தூசி தட்டிய பெண் சொல்வதைவிட என் கையெழுத்தை நான் பெரிதாக நினைத்துவிட்டேன், வேறொன்றும் இல்லை.

ஐந்து நிமிஷத்தில் ஒரு கோப்பு

வாசலில் மணி எட்டு இருபத்தைந்து. மல்லிகா விரலை வைத்தாள். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. எத்தனையோ பேருக்குச் சிவப்புக் கோடு போட்டவள் நான், அந்தச் சின்ன விளக்கைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

செக்யூரிட்டி, ஹாசன் பக்கத்து வயதான மனிதர், இரக்கப்பட்டுச் சொன்னார். எட்டரைக்குள் எழுத்தில் பர்மிஷன் கேட்டுக் கொடுத்தால் உள்ளே இருக்கிற பொறுப்பாளர் மேடம் பார்ப்பார்கள். மாதத்தில் ஒரு தடவைதான் அது உண்டு. எட்டரை தாண்டினால் கணினி மூடிவிடும்.

"காய்ச்சல்னு எழுதிடுங்க மேடம். எல்லாரும் அதான் எழுதுவாங்களாம்," என்றாள் மல்லிகா.

அலுவலகத்தில் ஒரு சின்னக் குறிப்பு எழுத எனக்கு மூன்று நாள் ஆகும். முதல் நாள் யோசிப்பேன், இரண்டாம் நாள் பழைய கோப்பைத் தேடுவேன். அன்று செக்யூரிட்டி அறையின் பலகை மேல் நோட்டை வைத்து, ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதினேன். கன்னடத்தில். முழு அலுவலக நடையில். இந்தப் பயிற்சியாளருக்குப் பயண நேரத்தைச் சொன்னது நான். அந்த நேரத்தை நான் சனிக்கிழமைகளில் அளந்தேன். அது வாரநாளுக்குப் பொருந்தாது என்று இவர் இரண்டு நாள் அனுபவத்தில் சொன்னார், நான் ஏற்கவில்லை. இன்று முன்னதாகவே கிளம்பலாம் என்றார், நான் தடுத்தேன். ஆகவே இந்தத் தாமதம் இவருடையது அல்ல, என்னுடையது. கீழே கையெழுத்து, பெயர், சூப்பரின்டெண்டென்ட், ஓய்வு.

வாழ்க்கையில் நான் எழுதிக் கொடுத்த ஒரே விளக்கக் கடிதம் அதுதான்.

பயிற்சிப் பொறுப்பாளர் சவிதா என்ற இளம்பெண். நீலக் கோட்டு போட்டு, தலைமுடியை வலைக்குள் அடக்கியிருந்தார். கடிதத்தை நின்றபடி படித்தார். சுவரில் எட்டு இருபத்தொன்பது.

"நீவு இவர அம்மானா?" என்று கேட்டார்.

அம்மா இல்லை. சொந்தம் இல்லை. "பஸ் நேரம் எழுதறவ," என்றேன்.

அவர் இன்னொரு தரம் படித்தார். சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு கணினியில் ஏதோ தட்டினார். இன்றைய லேட்டைப் பர்மிஷனாக மாற்றியாகிவிட்டது. முந்தைய இரண்டும் அப்படியே இருக்கும், அவற்றை அழிக்க முடியாது. இந்த மாதம் முடிய ஒரு லேட் கூட ஆகக் கூடாது, ஆகிவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

மல்லிகா தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினாள். என்னிடம் சொல்லிக்கொள்ளக் கூட இல்லை. சரிதான், நேரம் ஏது?

நான் கிளம்பும்போது சவிதா கூப்பிட்டுக் கேட்டார். மற்ற இடங்களுக்கும் சனிக்கிழமைதான் போனீர்களா?

திரும்பி வருகிற பஸ் முழுக்க அந்தக் கேள்விதான் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

பலகையைத் துடைத்தது

ஆரோக்கியசாமி சாரிடம் சொன்னபோது அவர் கழுத்தில் இருந்து ஸ்டாப்வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "ஸ்போர்ட்ஸ் டேல இப்படி ஒரு தப்பு பண்ணியிருந்தா ஹெட்மாஸ்டர் என்னைக் கொன்னிருப்பாரு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அவரே எழுந்து சொன்னார். நாங்கள் எழுதிய நேரங்கள் தப்பு, மன்னிக்க வேண்டும். நான் பலகையைத் துடைத்தேன். பிறகு பின்வரிசையில் இருந்து கேமரா படிப்புக்குப் போகிற ஒரு அம்மா சொன்னார்:

"அது எங்களுக்குத் தெரியும் சார். நீங்க போட்ற டைம் கூட ஒரு அவர் சேத்துக்குவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷமாக எங்கள் மனம் நோகக் கூடாது என்று ஒருவர் கூடச் சொல்லவில்லையாம். எழுதியதை எழுதியபடியே நம்பியது மல்லிகா ஒருத்திதான். நம்பியவளுக்குத்தான் அடி விழுந்தது என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு சார் டியூஷனை மாலைக்கு மாற்றிக்கொண்டார். பேரனை வேனில் ஏற்றுவதை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். நாங்கள் திங்களும் செவ்வாயும் பஸ் ஏறினோம். வைட்ஃபீல்டுக்கு மெட்ரோவிலும் போய்ப் பார்த்தோம். எங்கள் ஏரியாவில் ரொம்ப நாள் ஒரு கிண்டல் ஓடியது. யாராவது 'பத்து நிமிஷத்துல வரேன்' என்றால், "நிஜ டைமா, மேடம் டைமா?" என்று கேட்பார்கள். கறிக்கடைக்காரர் வரைக்கும் கேட்டார்.

மிஸ்டு கால்

அந்த மாதம் நான் காபி குடித்தது எல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான். மல்லிகா ஐந்து நாற்பதுக்கு ஏறுவாள். வாசலில் விரல் வைத்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால். ஏழு பதினைந்து. ஏழு இருபது. ஒரு மழை நாளில் ஏழு ஐம்பத்தொன்று. அன்று டிகாக்‌ஷன் முழுக்க ஆறிப்போய்விட்டது.

ஒரு நாள் போன் வரவே இல்லை. எட்டு, எட்டரை, ஒன்பது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டேன். அவள் கணவர் பெயிண்ட் டப்பாவோடு வாசலில் நின்றிருந்தார். "சார்ஜர் இங்கயே வுட்டுட்டுப் போயிடுச்சு மேடம். அது அஞ்சரைக்கே பறந்துடுச்சு," என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாதம் முடிந்தது. பிறகு மிச்சம் ஐந்து மாதமும் முடிந்தன. மூன்றாவது லேட் விழவில்லை.

கிழமை

வேலையில் சேருகிற நாளைக்கு முந்தைய ஞாயிறு மல்லிகா மேசைக்கு வந்தாள். ஆர்டரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தாள். மார்க் ஷீட் இருந்த அதே உறை.

"நாளைக்கு நீங்களும் வாங்க மேடம். மொத நாளு."

"சரி. எத்தனை மணிக்கு—"

"அத நீங்க சொல்லாதீங்க. நான் சொல்றேன்."

சார் சத்தமாகச் சிரித்தார். நானும்தான்.

ஐந்தே முக்காலுக்குள் ஏறிவிட்டோம். சில்க் போர்டு தாண்டும்போது மல்லிகா தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இறங்கியபோது வெயில் கூட இன்னும் சரியாக வரவில்லை. ஒரு தள்ளுவண்டியில் இட்லி ஆவி பறந்துகொண்டிருந்தது. நோட்டில் டீக்கடைப் பத்தியில் அந்த வண்டி இல்லை. வாரநாளில் மட்டும்தான் வருவாராம்.

வாசலில் அதே ஹாசன்காரர். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சனிவாரா மேடம்," என்று கும்பிட்டார். அந்தப் பெயர் அங்கே வரைக்கும் போயிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை.

மல்லிகா புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு மெஷினில் வைத்தாள். பச்சை எரிந்தது. உள்ளே ஒரு பெண் நீலக் கோட்டை மடிப்புக் கலையாமல் அவளிடம் நீட்டினாள். அதை அங்கேயே பிரித்து, புடவை மேலேயே போட்டுக்கொண்டாள். தோள் கொஞ்சம் பெரிது. கை மறைந்துவிட்டது.

கண்ணாடிக் கதவுக்குள் போனவள், பாதி திறந்து தலையை நீட்டினாள்.

"மேடம், நோட்டுல எழுதிக்குங்க. ஏழு பத்து. திங்கக்கெழம."

எழுதிக்கொண்டேன். கிழமையை முதலில்.